பரணில் ஒரு பழைய துப்பாக்கி: தோட்டா கிடைக்குமா, நாமே அடைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் பக்கத்து எஸ்டேட் வீடுகளிலும், பழைய ஜமீன் குடும்பங்களிலும், காட்டோரம் தோட்டம் வைத்திருந்தவர்கள் வீட்டிலும் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருக்கும். பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல் 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு). சில வீடுகளில் ரைபிள், சில வீடுகளில் குழல் வாய் வழியாக வெடிமருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி. பெரியவர் போனபிறகு அடுத்த தலைமுறை அதைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இதற்குத் தோட்டா எங்கே கிடைக்கும்?" என்பதுதான். அதை மூன்றாவதாகக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் உரிமம். அடுத்து, இந்தக் குழல் எந்தத் தோட்டாவைத் தாங்கும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தபிறகுதான் கடைக்குப் போக வேண்டும். கீழே உள்ள பதில்கள் இந்தியச் சட்டத்தை வைத்து எழுதியவை.

தாத்தா தவறிவிட்டார். பீரோவில் துப்பாக்கியும் ஒரு பெட்டி தோட்டாவும் இருக்கின்றன. உடனே என்ன செய்ய வேண்டும்?

உரிமம் தாத்தாவின் பெயரில் இருந்தது. அவரோடு அது முடிந்துவிட்டது. "வீட்டில்தானே இருக்கிறது, பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்" என்று தள்ளிப் போடுவது எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறது. ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை போன ஆயுதத்தையும் தோட்டாவையும் தேவையில்லாத தாமதம் இல்லாமல் ஒப்படைக்கச் சொல்கிறது. அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம், உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலும் ஒப்படைக்கலாம். இரண்டு இடத்திலும் ரசீது வாங்குங்கள். அதில் துப்பாக்கியின் எண், செய்தவர் பெயர், போர், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். நாளைக்கு உரிமம் உங்கள் பெயருக்கு வந்ததும் திரும்பக் கேட்க அந்தத் தாள்தான் ஆதாரம்.

கடையில் வைத்தால் மாத வாடகை கேட்பார்கள். ஆனாலும் நல்ல கடையாக இருந்தால் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார்கள் என்பதால், மதிப்புள்ள பழைய துப்பாக்கிக்கு நான் கடையையே சொல்வேன்.

தோட்டாவை மறந்துவிடாதீர்கள். துப்பாக்கியை மட்டும் கொடுத்துவிட்டுக் கோட்டுப் பையில் கிடந்த நாலு தோட்டாவை விட்டுவிடுகிறார்கள். உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் அது சட்டப்படி குற்றமாகலாம். பழைய பையில் எங்கோ சிக்கியிருந்த ஒற்றைத் தோட்டா விமான நிலையச் சோதனையில் அகப்பட்டு வழக்கான கதைகள் நிறைய உண்டு. தெரிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அது வழக்குப் பதிவான பிறகு கிடைக்கும் ஆறுதல்.

நூறு வருஷத்துப் பழசு. பழம்பொருளுக்கும் உரிமம் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டும். சட்டத்தின் 45-ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதை அரைகுறையாகப் படித்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது என்று அந்தப் பிரிவு சொல்வதோடு நிற்கவில்லை. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாததாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் 1890-ஆம் வருஷத்துத் துப்பாக்கியில் ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அதற்கு விலக்கு இல்லை. வயதை வைத்து மட்டும் விலக்கு தரும் அமெரிக்கச் சட்டத்தை இணையத்தில் படித்துவிட்டு இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. அங்கே 1898 வரை செய்தவை தனி வகை. இங்கே அப்படி ஒரு வருஷக் கோடு கிடையாது.

குடகு மக்களுக்கு விலக்கு இருக்கிறதே என்று கேட்பார்கள். அது குடகுக்கு மட்டும் பழைய காலத்திலிருந்து வரும் சலுகை, இப்போது 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். கூடலூரில் இருப்பவருக்கு அது உதவாது.

உரிமம் என் பெயருக்கு மாறுமா?

தாத்தாவின் உரிமம் அப்படியே கைமாறாது. வாரிசு என்ற அடிப்படையில் உங்களுக்குப் புது உரிமம் தருவார்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25-ஆம் விதி இதற்காகவே இருக்கிறது. உரிமம் வைத்திருந்தவர் இறந்தபின் சட்டப்படியான வாரிசு விண்ணப்பிக்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலும் அல்லது அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலும், எது முதலில் வருகிறதோ அப்போது, தான் விரும்பும் வாரிசுக்குக் கொடுக்கச் சொல்லலாம். இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. பெரியவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே செய்துவிட்டால் பிற்பாடு அண்ணன் தம்பிகளிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துக்கு அலைய வேண்டாம்.

விண்ணப்பிக்கும் இடம், மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகம், சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனர் அலுவலகம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான் இருக்கலாம். வாரிசாக வந்தாலும் அந்த எண்ணிக்கை கூடாது. தாத்தா மூன்று வைத்திருந்தார் என்றால் குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள். உரிமம் இப்போது ஐந்து வருஷத்துக்குச் செல்லும்.

அதில் ஏற்கெனவே தோட்டா போட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரட்டைக் குழல் என்றால் எளிது. குழல் வாயை ஆளில்லாத திசையில் வைத்து, விசையில் விரல் படாமல், மேலே உள்ள நெம்பைத் தள்ளித் திறந்தால் இரண்டு அறையும் கண்ணுக்குத் தெரியும். துரு ஏறித் திறக்கவில்லை என்றால் சுத்தியல் எடுக்காதீர்கள். கடைக்காரரையோ காவல் நிலையத்தையோ கூப்பிடுங்கள்.

நாட்டுத் துப்பாக்கியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பின்பக்கம் திறக்காது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. அந்தக் காலத்தில் பன்றி வரும் என்று இடித்து வைத்துவிட்டு, பன்றி வராமல், அப்படியே சுவரில் மாட்டிவிடுவார்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை கடந்தும் பற்றிக்கொள்ளும். சோதிக்க ஒரு மெல்லிய மூங்கில் குச்சி போதும். கேப்பு (அடிபட்டால் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடி) வைக்கும் முலையில் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, முகத்தையும் கையையும் குழல் வாய்க்கு நேரே கொண்டு போகாமல் பக்கவாட்டில் நின்று, குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். அது நின்ற இடத்தில், குழல் வாயருகே குச்சியில் பென்சிலால் கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, கோடு குழல் வாயில் நிற்கும்படி குழலின் மேலேயே படுக்க வையுங்கள். குச்சியின் நுனி கேப்பு வைக்கும் முலை வரைக்கும் வந்தால் உள்ளே காலி. நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது துணியாகவும் இருக்கலாம், மருந்தும் ரவையுமாகவும் (சின்ன ஈயக் குண்டுகள்) இருக்கலாம். இடித்தோ சுரண்டியோ எடுக்கப் பார்க்காமல், விஷயத்தைச் சொல்லி ஒப்படையுங்கள்.

எந்தத் தோட்டா இதற்குப் பொருந்தும்? "12 போர்" என்று சொன்னால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

12 போர் என்பது குழலின் விட்டம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை இருக்கும் அளவு, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ஆனால் தோட்டா உட்காரும் அறையின் நீளம் வேறு சமாச்சாரம். அந்தக் காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் அது 2½ அங்குலம், வழக்கத்தில் 65 மில்லிமீட்டர் என்று குறிப்பார்கள். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்டபிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறையில் அழகாக உட்காரும், துப்பாக்கியும் மூடும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல், அறை குறுகும் இடத்தில் போய் முட்டும். ரவை போக வேண்டிய வழி இறுகி, உள்ளே அழுத்தம் ஏறும். "உள்ளே போகிறது, மூடுகிறது, அப்போது சரியான தோட்டாதான்" என்ற கணக்கு இங்கேதான் தப்பாகிறது.

அதனால் குழலைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். முன்கட்டையை எடுத்து, குழலைப் பிரித்து, தலைகீழாகத் திருப்பினால் அறைக்குக் கீழே இரண்டு தட்டையான இடங்கள் இருக்கும். மெல்லிய துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பொடிப்பொடியான முத்திரைகள் எழுந்து வரும். எங்கள் வீட்டுத் துப்பாக்கியில் கிரீடமும் அதன் கீழ் குறுக்காக இரண்டு செங்கோலும் இருக்கின்றன, அது குழல்களைச் சோதித்துச் சான்று தரும் பர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலையின் முத்திரை. லண்டன் முத்திரை வேறு மாதிரி இருக்கும். சாய்சதுரக் கட்டத்துக்குள் 12 என்ற எண்ணும் சி என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் அது அறையின் அளவைக் குறிக்கும்.

அடுத்துத் தேட வேண்டியது, இன்றைய தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்துக்கு (நைட்ரோ என்பதும் அதுதான்) அந்தக் குழல் பரிசோதிக்கப்பட்டதா என்பது. 1896 முதல் 1904 வரை "நைட்ரோ புரூப்" என்று முழுச் சொல்லாகவே அடித்தார்கள். அப்புறம் கிரீடத்தின் கீழ் என்.பி., பின்னாளில் பர்மிங்ஹாமில் பி.என்.பி. 1954-க்குப் பிறகு வந்தவற்றில் 2½ அங்குலம் என்றும் சதுர அங்குலத்துக்கு 3 டன் அழுத்தம் என்றும் நேராகவே போட்டிருக்கும். 2¾ அங்குல அறைக்கு அது 3¼ டன். நைட்ரோ முத்திரை இல்லாத குழல் கருமருந்துக்காகச் செய்தது. அதில் இன்றைய தோட்டா போடவே கூடாது.

முத்திரை இருப்பது அன்றைய நிலைக்குச் சான்று. அதற்குப் பிறகு அறுபது, எழுபது மழைக்காலம் போயிருக்கிறது. உள்ளே துரு தின்றிருக்கலாம், யாரோ உள்சுவரைத் தேய்த்து மெருகேற்றியிருக்கலாம், இரண்டு குழலையும் ஒட்டிய பற்று விட்டிருக்கலாம். அறை நீளத்தையும் குழல் சுவரின் கனத்தையும் அளக்கக் கருவி வேண்டும். உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து அளந்து வாங்காமல் ஒரு தோட்டாகூட வாங்காதீர்கள்.

குழலில் பாம்புத்தோல் மாதிரி வரி வரியாக இருக்கிறது. அது என்ன?

டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றி அடித்து ஒட்டிச் செய்தது. பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் சுற்றுக்குச் சுற்று ஓர் ஒட்டு இருக்கிறது, அந்த ஒட்டுக்குள் துரு புகுந்தால் வெளியே தெரியாது. நைட்ரோ பரிசோதனையில் தேறிய டமாஸ்கஸ் குழல்களும் உண்டு என்பதால் எல்லாமே ஆபத்து என்று சொல்வது சரியல்ல. ஆனாலும் நம் ஊர் ஈரத்தில், யார் எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத ஒரு டமாஸ்கஸ் குழலைச் சுடாமல் வைத்து ரசியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தாத்தா வைத்துவிட்டுப் போன பெட்டித் தோட்டாவைச் சுடலாமா?

வேண்டாம். ஈலி, கைனாக் என்று இங்கிலாந்துக் கம்பெனிகளின் பெயர் போட்ட அந்தக் காகிதக் கூட்டுத் தோட்டாக்கள் ஈரம் குடித்து ஊதியிருக்கும். சிலது அறைக்குள் போகாது, சிலது போனால் வெளியே வராது. பித்தளை அடியில் பச்சைப் பூச்சு ஏறியிருந்தால் உலோகம் அரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பழைய கேப்புகளில் பாதரசக் கலவை இருந்தவை பித்தளையையே நொறுங்கும்படி செய்துவிடும். வெடிக்காமல் போவதைவிட மோசமானது பாதி வெடிப்பது. மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பானோ ரவையோ குழலின் நடுவில் நின்றுவிட்டு, அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.

வெயிலில் காய வைப்பது, அடுப்படியில் வைத்துச் சூடேற்றுவது, உடைத்து மருந்தைக் கொட்டுவது, கிணற்றில் போடுவது, குழி தோண்டிப் புதைப்பது எதுவும் வேண்டாம். கணக்கோடு ஒப்படையுங்கள். பெட்டியின் மேலட்டை அழகாக இருந்தால் காலி அட்டையை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. அதே பெட்டியில் மெலிதான 20 போர் தோட்டா கலந்திருந்தால் உடனே தனியே எடுங்கள். அது 12 போர் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய்க் கொஞ்ச தூரத்தில் நிற்கும், அறை காலி மாதிரித் தெரியும். பின்னாலேயே 12 போர் தோட்டா போட்டுச் சுட்டவர்கள் கையை இழந்திருக்கிறார்கள். இப்போது 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இதனால்தான். பழசில் அந்த நிறத்தை நம்ப முடியாது.

சரி, உரிமம் வந்துவிட்டது, மெக்கானிக்கும் பார்த்துவிட்டார். தோட்டா எங்கே வாங்குவது?

உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் மட்டும். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் இருக்கின்றன. அசல் உரிமத்தைக் கொண்டுபோக வேண்டும். ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று உங்கள் உரிமத்திலேயே எழுதியிருக்கும். கடைக்காரர் தன் பதிவேட்டிலும் உங்கள் உரிமத்திலும் வாங்கிய எண்ணிக்கையை எழுதித் தருவார்.

உள்நாட்டுத் தோட்டாவில் பெரும்பகுதி புனேவை ஒட்டிய கட்கி தொழிற்சாலையிலிருந்து வருவது. அரசின் ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திய பழைய ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டை 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்துக்குப் போனது. எளிதாகக் கிடைப்பவை 12 போர், .315 ரைபிள், .32 ரிவால்வர் தோட்டாக்கள். பெட்டியில் நீளத்தைப் படித்து, 65 மில்லிமீட்டர் வேண்டும் என்றால் அதையே கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார், போடுங்க" என்று யாராவது சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களில் சிலரிடம் பிரான்ஸின் சேன்த் எத்தியேனில் செய்த 16 போர் இருக்கும். அதற்குத் தோட்டா தேடுவது பெரும்பாடு. கிடைக்காததற்காக வேறு போரைத் திணிக்க நினைக்காதீர்கள், துளைத்துப் பெரிதாக்கவும் கேட்காதீர்கள்.

சுட்டபிறகு காலிக் கூடுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். புதுப்பிக்கும்போது எத்தனை செலவானது, எங்கே சுட்டீர்கள் என்று கணக்கு கேட்கும் இடங்கள் உண்டு.

எங்களிடம் இருப்பது பெரிய ரைபிள். .470, .465 என்று ஏதோ போட்டிருக்கிறது. இதற்குக் கிடைக்குமா?

அது நம் நாட்டோடு நேரடித் தொடர்புள்ள வரலாறு. 1900-களின் தொடக்கத்தில் பெரிய வேட்டைக்கு .450 அளவு ரைபிள்தான் பேர்போனது. மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கியும் .450 என்பதால், கலகக்காரர்கள் கையில் தோட்டா போய்ச் சேரும் என்று பயந்து வெள்ளைக்கார அரசு அந்த அளவையே இந்தியாவுக்குள் தடை செய்தது. உடனே இங்கிலாந்துக் கம்பெனிகள் கொஞ்சம் தள்ளி .465, .470, .475 என்று புதுப்புது அளவு கொண்டு வந்தன. உங்கள் பீரோவில் இருக்கும் ரைபிள் அந்தத் தடையால் பிறந்த வாரிசாக இருக்கலாம்.

தோட்டா விஷயத்தில் நல்ல செய்தி இல்லை. கைனாக் அந்தப் பெரிய தோட்டாக்களைச் செய்வதை 1970-ஐ ஒட்டி நிறுத்திவிட்டது. பல வருஷம் கழித்து இங்கிலாந்தில் வேறொரு நிறுவனம் அதே பெயரில் மறுபடி செய்யத் தொடங்கியது. இங்கே அதை இறக்குமதி செய்ய அனுமதி தேவை, விலையும் எட்டாத உயரம். வேட்டையும் 1972-லிருந்து கிடையாது. இந்த ரைபிளைச் சுடாமல் வைத்திருப்பதே அதற்கு மரியாதை. .303 என்றால் கதை வேறு. அது தடை செய்யப்பட்ட போர் வகை, சாதாரண உரிமத்தில் வராது.

காலிக் கூட்டில் நாமே மருந்தும் ரவையும் அடைத்துக்கொள்ளலாமா? தாத்தா செய்வாரே!

தாத்தா செய்தார் என்பது உண்மை. பழைய எஸ்டேட் பங்களாக்களில் பித்தளைக் கூடுகளும், மேஜை ஓரத்தில் திருகி மாட்டும் மடிப்புக் கருவியும், மருந்து அளக்கும் கைப்பிடிக் குவளையும் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் இன்று நீங்கள் அதைச் செய்ய முடியாது. ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தோட்டா செய்வதற்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. தோட்டா என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அதைச் செய்யும் கருவிகளும் அடங்கும். அதனால் கேப்பு வாங்கி வைப்பதும் கருவி வாங்கி வைப்பதும்கூட விளையாட்டல்ல. உரிமம் இல்லாமல் செய்ததற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். வெறுமனே உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்கே இரண்டிலிருந்து ஐந்தாண்டு.

சட்டத்தை விடுங்கள், உடம்புக்கு வருவோம். தாத்தா அடைத்தது கருமருந்து. அதைக் குவளையில் அளந்து போட்டார், கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் துப்பாக்கி பொறுத்துக்கொண்டது. புகையில்லா மருந்து அப்படிப் பொறுக்காது. அதே குவளையை நிரப்பினால் இரண்டு மடங்குக்கும் மேலான பலத்தைப் போட்டதாகிவிடும். பழைய பெட்டிகளில் "3 டிராம்" என்று இருப்பது இதில் பெரிய பொறி (டிராம் என்பது பழைய ஆங்கில எடை, கிராம் அல்ல). 3 டிராம் கருமருந்துக்குச் சமமான வேகம் தரும் என்பதுதான் அதன் அர்த்தம். உள்ளே இருக்கும் புகையில்லா மருந்தின் எடை அதில் பாதிகூட இருக்காது. அந்த எண்ணை எடையாக எடுத்துக்கொண்டு அடைத்தவர்களின் குழல்கள் வாழைப்பூ மாதிரி விரிந்து போயிருக்கின்றன.

அப்பாவோ பெரியப்பாவோ வீட்டில் அடைத்த தோட்டாக்கள் மிச்சம் இருந்தால் அவையும் இதே கணக்குதான். உள்ளே எந்த மருந்து, எவ்வளவு என்று அடைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். கடைத் தோட்டாக்களிலிருந்து பிரித்து வைத்து, பிரித்தே ஒப்படையுங்கள்.

சிவகாசி வெடி மருந்தை நாட்டுத் துப்பாக்கியில் போடலாம் என்கிறார்களே?

ஒருபோதும் வேண்டாம். அணுகுண்டு வெடியில் இருப்பது அலுமினியத் தூள் கலந்த மருந்து. அது தள்ளுவதற்கு ஆனதல்ல, சிதறுவதற்கு ஆனது. இடிகோலால் இடிக்கும்போதே உராய்வில் பற்றிக்கொள்ளும். மலையோரக் கிராமங்களில் கையும் கண்ணும் போனவர்களை விசாரித்தால் இந்த வேலைதான் பலருடைய கதையாக இருக்கும். அந்த நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமமும் இருக்காது. காவல் துறை அவ்வப்போது தாமாக முன்வந்து ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு விடுகிறது, அந்தச் சமயத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் வீட்டிலேயே அடைக்கிறார். அவருக்கு மட்டும் எப்படி?

அங்கே சொந்த உபயோகத்துக்கு அடைப்பது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. மருந்துக் கம்பெனிகள் சோதனைச் சாலையில் அழுத்தம் அளந்து வெளியிடும் அட்டவணை இருக்கிறது. கூடு, கேப்பு, அடைப்பான், மருந்து எல்லாம் அட்டவணையில் சொன்னபடியே இருக்க வேண்டும், ஒன்றை மாற்றினாலும் கணக்கு மாறும். பழைய 65 மில்லிமீட்டர் அறைக்காகக் குறைந்த அழுத்தத் தோட்டாவைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்கும் கம்பெனிகளும் அங்கும் இங்கிலாந்திலும் உண்டு. மச்சான் இப்போதுதான் தொடங்குகிறார் என்றால் அதை வாங்கச் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது பெட்டியில் காலிக் கூடு, கேப்பு எதையும் பரிசாகக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தோட்டத்துக்குப் பன்றி வருகிறது. இதை வைத்து விரட்டலாமா?

சுடக் கூடாது. தமிழ்நாட்டில் 2025-இல் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் அதிகாரமும் வனத்துறைக்குத்தான், நமக்கு இல்லை. சரணாலயத்துக்குள் அல்லது அதிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருந்தால், உரிமம் இருந்தாலும் வன உயிரினச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி வனத்துறையிடம் பெயர் பதிய வேண்டும். முதுமலை, ஆனைமலைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

கோயில் கொடையில், கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி?

இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பழக்கம், பரம்பரை மரியாதை என்பதெல்லாம் 2019 திருத்தத்துக்குப் பிறகு எடுபடாது.

சுடாமல் வைத்திருக்கிறோம். எப்படிப் பராமரிப்பது?

தோல் உறையிலும் வெல்வெட் பெட்டியிலும் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்து வைக்கும். மெல்லிய எண்ணெய் தடவி, காற்றோட்டமான பூட்டிய இரும்பு அலமாரியில், குழல் வாய் கீழே பார்க்கும்படி நிறுத்துங்கள். வாய் மேலே இருந்தால் எண்ணெய் வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை ஊற வைத்துவிடும். அடைமழைக் காலத்தில் மாதம் ஒருமுறை துடைத்தால் நல்லது. காலியாக விசையை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளே ஊசி முறியும்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சுட்ட துப்பாக்கிகளில் குழலுக்குள் உப்பு மாதிரி ஒரு படிவு இருக்கும். அன்றைய கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட் விட்டுச் சென்றது அது. காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத் துருவாக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. குழலை மட்டும் தனியே கழற்றி, வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் போட வேண்டும். கட்டையிலும் பூட்டுப் பகுதியிலும் தண்ணீர் படக் கூடாது.

தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள், குறிப்பாகக் கட்டையில் ஏற்கெனவே உள்ள கீறல்களை. காவல் நிலைய அறையில் நூறு துப்பாக்கிகளோடு சாய்த்து வைத்ததில் புதிதாக விழுந்த கீறலைப் பற்றிப் பேச அப்போதுதான் முடியும்.

உரிமம் எடுக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் உருக்கிவிடவும் மனசு வரவில்லை. வேறு வழி?

உரிமம் வைத்திருக்கும் இன்னொருவருக்கோ கடைக்கோ முறைப்படி விற்கலாம். அதிகாரி அனுமதியோடு, சுட முடியாதபடி முறையாகச் செயலிழக்கச் செய்து வைத்துக்கொள்ளலாம். அதை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும், தெருமுனை வெல்டிங் பட்டறை அல்ல. செய்தவர் பெயர், எண், உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்ற விவரம் இருந்தால் அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. சாதாரணத் தொழிற்சாலைத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கதையும் கடிதங்களும் பழைய உரிமத் தாள்களும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு கூடும்.

லண்டன் ஏலத்தில் நல்ல விலை போகும் என்று ஆசை காட்டுபவர்கள் வருவார்கள். நூறு ஆண்டு தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி கிடையாது.